நிலையான தேதி கேட்ட தேதியண்ணன்

ஓட்டுக் கேட்டு வந்தவர்களை ஓட ஓட விரட்டிய மனிதர் ஏரியூரில் ஒருவர்தான். தேதியண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். வருசா வருசம் பொங்கல் கழிந்ததும் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு கர்நாடகத்துக் குடகு மலைக்கு மிளகு பறிக்கப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் இங்கே தேர்தல் வரும். ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை.

என் தையல் கடையில் உட்கார்ந்து அவர் புலம்புவது இதைத்தான். "தீபாவளி என்னைக்குன்னு போன வருசமே காலண்டர்ல போட்டுட்டான். ஓட்டுத் தேதிய மட்டும் ஏன் ஒளிச்சு வெக்கிறாங்க? நிலையா ஒரு தேதி வெச்சா மேஸ்திரிகிட்ட முன்னாடியே லீவு சொல்லலாம், பஸ்ல சீட்டு புடிக்கலாம். வூட்டுக் கல்யாணத்தையும் மறுநாளே வெச்சா ஒரே டிக்கெட்டுல ரெண்டு விசேசம்."

பொங்கலுக்கு முன்பே ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளர் தெரியாமல் கேட்டுவிட்டார், "ரோடு வேணுங்களா, தண்ணி வேணுங்களா?"

"ரோடு போட்டா ஊரை வுட்டு இன்னும் வெரசாப் போயிருவோம். தேதி வெய்ங்க."

அவர் கும்பிட்டபடியே அடுத்த தெருவுக்கு ஓடினார்.

போன நாடாளுமன்றத் தேர்தலின்போது குடகில் மேஸ்திரி, "நாளெ ஓட்டு, ரஜா" என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். லீவு என்றதும் அண்ணன் ஆட்களோடு பஸ் ஏறிவிட்டார். விடிந்ததும் இங்கே பள்ளிக்கூட வாசலில் பத்துப் பேரும் வரிசை. முன்னால் ஓர் ஆடு மட்டும்.

"கூட்டமே இல்ல பாத்தியா, நாமதான் மொதல்ல."

நான் பதறி ஓடினேன். "அண்ணா, அது கர்நாடகாக்காரங்க ஓட்டு. நம்முளுது போன வாரமே முடிஞ்சிருச்சுங்க."

பள்ளிக்கூடத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "எண்ணிட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பறம் என்ன? எண்றதுக்குள்ள நம்ம பத்தையும் சேத்துக்கச் சொல்லு."

அன்று அவர் டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு, ஆட்களை அனுப்பிவிட்டு அவர் மட்டும் மலைக்குப் போகவில்லை. மேஸ்திரி போன் மேல் போன்.

"ஓட்டுப் போட்டுட்டு வரேன்."

"எப்ப?"

"அதத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்."

வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமோ என்று எனக்குத்தான் தூக்கமில்லை.

ஒருவழியாகத் தேதி வந்தது. ஓட்டும் போட்டார். மை வைத்த விரலை நீட்டியபடி தெரு முழுக்க நடந்தார்.

"கையக் கீழ வுடுங்கண்ணா."

"காயட்டும், இரு."

அன்று சாயங்காலமே பஸ் ஏறினார். மிளகு பாதிக்கு மேல் பறித்தாகிவிட்டதாம். மேஸ்திரி சேர்ப்பாரோ, திருப்பி அனுப்புவாரோ?

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "சேத்துக்கிட்டான்டா. ஏணி மேல நிக்கிறேன், அப்பறம் பேசறேன்."

வைத்துவிட்டார். "ஏணி மேல நின்னுட்டு எதுக்குங்கண்ணா போனு? கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று, துண்டித்த போனிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.