பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் ஒரு மிக்-29

மரியாதைக்குரிய பெரியப்பா குர்மேஜ் சிங் அவர்களின் பாதம் தொட்டுத் தம்பி மகள் நவ்கிரண் எழுதுவது.

சத் ஸ்ரீ அகால். வாஹேகுருவின் கருணையால் நாங்கள் அனைவரும் இங்கே நலம். இத்தாலியில் நீங்களும் பெரியம்மாவும், நீங்கள் பால் கறக்கும் பண்ணையின் பசுக்களும் நலமாக இருக்க வேண்டுகிறோம். கோதுமை முழங்கால் உயரம் வந்துவிட்டது. மூத்த எருமை கன்று போட்டிருக்கிறது. "எல்லாம் நலம்னு எழுதி முடிச்சுடு, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்" என்று அப்பா சொன்னார். ஆகவே அந்தப் பகுதியை முதலில் எழுதி முடித்துவிட்டேன். இனி வருவது அப்பாவுக்குத் தெரியாது. டெல்லி வழியாக உங்கள் ஊருக்கு வர நாளை மாலை புறப்படும் தர்ஷி அண்ணனின் பெட்டியில், அம்மா உங்களுக்காகச் செய்த பின்னி உருண்டை டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். உருண்டைகளைச் சாப்பிட்டுவிட்டுப் படித்தால் நல்லது.

பெரியப்பா, "மாடித் தண்ணித் தொட்டி எப்படி இருக்கு, வீடியோல காட்டு" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் போன் அறுந்துபோகிறதே, சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாதான் நிறுத்துகிறார். நீங்கள் அடுத்த மாதம் கிரகப்பிரவேசத்துக்கு வரும்போது, எங்கள் முற்றத்தை ஒட்டிக் கட்டிய உங்கள் புது வீட்டின் மேல் அந்தத் தொட்டி இருக்குமா, விமானப்படைக்காரர்கள் அதை இடித்துவிட்டிருப்பார்களா, அதோடு மேல் மாடியும் போய்விடுமா என்பது நாளை காலை தெரிந்துவிடும். அப்பா முந்தாநாளிலிருந்து தாடியைத் தடவிக்கொண்டே இருக்கிறார். சாப்பிடும்போதும் ஒரு கை தாடியில்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன முறை கிளம்பும்போது நீங்கள், "வெளிநாடு போனவங்க எல்லாம் வைக்கிற மாதிரி, தண்ணித் தொட்டிய ஜம்போ விமான வடிவத்துல கட்டிடு, நான் வர்றப்ப பெரிய ரோட்லேர்ந்தே தெரியணும்" என்று சொன்னீர்கள் அல்லவா. அப்பா கொத்தனார் பல்காராவுக்குச் சொல்லி அனுப்புவதற்குள், அடுத்த வீட்டு சூச்சா சிங் மாமா தன் மகன் வான்கூவர் போனதற்காக நான்கு எஞ்சின் வைத்த ஜம்போ ஒன்றைத் தன் மாடியில் கட்டி முடித்துவிட்டார். அது அவர் வீட்டைவிட நீளம். அப்பா முற்றத்தில் நின்று அதையே பார்த்தார். "இதுக்குப் பக்கத்துல நாம இன்னொண்ணு வச்சா, அவன் ஜம்போ குட்டி போட்ட மாதிரில்ல இருக்கும்" என்றார். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு மிக்-29 போர் விமானம் பக்கத்து விமானப்படைத் தளத்துக்கு இறங்கிப் போனது. அது போகும்வரை வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு, சத்தம் அடங்கியதும் பேச்சை விட்ட இடத்தில் தொடங்குவதுதானே நம் ஊர் வழக்கம். அப்பா மட்டும் விட்ட இடத்தில் தொடங்கவில்லை. "நமக்கு இதுதான்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நம் குடும்பம் வேறு எந்த விமானத்தின் கீழ் வளர்ந்தது? குளவி போலச் சின்னதாக இருந்த நாட் விமானங்களைத் தாத்தா உழுதுகொண்டே பார்த்தாராம். நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தலைக்கு மேல் சுகோய்-7 போனது. அது கிளம்பினால் கரும்பலகையில் இருந்த கணக்கு உதிர்ந்துவிடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு மிக்-21. எனக்கு மிக்-29. இவை எல்லாவற்றையும் பற்றிப் பள்ளி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. என்னைத் தவிர யாரும் அதை எடுப்பதில்லை. இரண்டு வால்களுக்கும் இடைவெளி எவ்வளவு, மூக்கு எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்று அதைப் பார்த்துப் பெரிய தாளில் வரைந்து பல்காராவிடம் கொடுத்தேன்.

பல்காரா இதுவரை ஜம்போ மட்டுமே கட்டியவர். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் மிக்-29 இன் இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள் வைத்துவிட்டார்.

"இதுல பயணிங்க கிடையாது, ஒரே ஒரு பைலட்தான்" என்றேன்.

"பொண்ணே, இத்தன வருஷத்துல ஜன்னல் இல்லாத விமானத்துக்கு யாரும் என்னக் கூப்பிட்டதில்ல. காத்து வேண்டாமா உள்ள?"

"உள்ள தண்ணிதான் இருக்கப் போகுது."

"தண்ணிக்கும் காத்து வேணும்" என்றார் அவர். அம்மா வந்து சமாதானம் செய்து, ஜன்னல்களைச் சிமெண்டால் பூசச் சொன்னார். பிறகு சாம்பல் நிறம் அடித்தோம். பெரியப்பா, அது அவ்வளவு அழகாக இருந்தது. சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சூச்சா சிங் மாமா பத்து நாள் தன் மாடிக்கே ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் வியாழக்கிழமை ஜீப் வந்தது. விமானப்படைச் சீருடையில் இரண்டு பேர். யார் வீடு, எப்போது கட்டியது, தொட்டி எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டார்கள். நாலா பக்கமும் நின்று புகைப்படம் எடுத்தார்கள். "ஞாயித்துக்கெழம காலைல எங்க பெரிய சார் நேர்ல வருவாரு, வீட்ல இருங்க" என்றார்கள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பா கேட்கவில்லை. அதற்குப் பதிலாக முள்ளங்கிப் பரோட்டாவும் வெண்ணெயும் லஸ்ஸியும் கொடுத்து, அவர்கள் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னும் வைத்து, இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டு போகும்படி அனுப்பினார். ஜீப் தெருமுனை திரும்பியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்னு கேட்டிருக்கலாமேங்க" என்றார் அம்மா.

"கேட்டா சொல்லிடுவாங்களேடி" என்றார் அப்பா.

சூச்சா சிங் மாமா மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓய் மல்கீத்து, உன் விமானம் எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" என்று அப்பாவைக் கேட்டார்.

"உன்னுது பாக்குற பக்கந்தான். மேற்க. வெளிநாடு போறவங்க வீட்டு விமானம் எல்லாம் மேற்கதான பாக்கும்?"

"என்னுது ஜம்போ. அது மேற்க பாத்தா கனடா. உன்னுது சண்ட விமானம். அது மேற்க பாத்தா என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் எல்லை இல்ல இருக்கு? நீ பாட்டுக்கு உன் சொந்தச் செலவுல போர் தொடங்கிட்டயே."

அப்பாவின் முகம் தொட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. விமானத் தளத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி இருப்பதாகவும், புல்டோசர் நேராக மாடியிலிருந்து தொடங்கும் என்றும் மாமா சொன்னார். புல்டோசர் மாடிக்கு எப்படி ஏறும் என்று நான் கேட்டேன். "அதெல்லாம் அவங்ககிட்ட ஏற்பாடு இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அப்பா டிராக்டர் தார்ப்பாயை எடுத்துப் போய்த் தொட்டியை மூடினார். மூக்கு நீட்டிக்கொண்டிருந்ததால் அதன்மேல் வைக்கோலைப் பரப்பினார். நான் கீழே நின்று பார்த்தேன். போர்க்காலத்தில் விமானங்களைத் தார்ப்பாய் போட்டு, மேலே தழையும் வைக்கோலும் பரப்பித்தான் மறைத்து வைப்பார்கள் என்று புத்தகத்தில் படம் இருக்கிறது. நம்முடையது அச்சு அசல் அந்தப் படம் போலவே இருந்தது. முன்பாவது அதைத் தொட்டி என்று சொல்லியிருக்கலாம். இதை அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் புத்தகத்த நாளைக்கே திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பல்காரா வந்தார். பேசாமல் இதை ஜம்போவாகவே மாற்றிவிடலாம் என்று அப்பா சொன்னார். பல்காராவுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. பூசிய ஜன்னல்களை எல்லாம் உளியால் திறந்தார். ஜம்போவுக்கு ஒரு வால்தான் என்பதால் இடது வாலை வெட்டினார். அதற்குள்தான் குழாய் போகிறது என்பது அவருக்கு நினைவில்லை. தொட்டித் தண்ணீர் முழுவதும் மாடிப்படி வழியாக இறங்கி, நீங்கள் தங்குவதற்காக வைத்திருந்த அறைக்குள் போய், அங்கிருந்து வெளியேறி, சூச்சா சிங் மாமா முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாயைச் சேர்ந்தது. "மொதல்ல எல்லை, இப்ப என் மிளகாயா?" என்று அவர் கத்தியது குருத்வாராவரை கேட்டதாம். இன்று காலையிலிருந்து அம்மா எருமைக்கும் எங்களுக்கும் கைப்பம்பில் தண்ணீர் அடிக்கிறார். அப்பா பக்கம் திரும்புவதே இல்லை.

இப்போது மாடியில் இருப்பதை நான் எப்படிச் சொல்வது? உடம்பு வெள்ளை, வயிற்றில் சிவப்புக் கோடு. ஜன்னல்கள் இருக்கின்றன. ஒரு வால் ஓரத்தில் மட்டும் நிற்கிறது, நடுவில் இல்லை. இறக்கைகள் இன்னும் மிக்-29 இன் இறக்கைகளே. மூக்கும் அப்படியே. காய்ச்சலில் இளைத்துப்போன ஜம்போ போல இருக்கிறது. சிமெண்ட் என்பதால் மேற்கே பார்ப்பதை மாற்ற முடியவில்லை.

பெரியப்பா, உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இடித்துவிட்டார்கள் என்றால் அப்பாவை எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள். அவர் உங்களை ஆச்சரியப்படுத்த நினைத்துத்தான் செய்தார். முடிந்தால் கிரகப்பிரவேசத்தை வைசாகி அறுவடைத் திருநாளுக்குப் பிறகு தள்ளிப்போடுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கங்கள். அங்கிருக்கும் அண்ணனுக்கு அன்பு. உங்கள் இரு கைகளும் பாலும் நெய்யுமாய் நிறைந்திருக்கட்டும், உங்கள் தலைப்பாகை என்றும் உயர்ந்தே நிற்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த மகள்,
நவ்கிரண், எட்டாம் வகுப்பு

பின்குறிப்பு: ஞாயிறு மதியம். தர்ஷி அண்ணன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கிரகப்பிரவேசத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

பெரிய அதிகாரி வந்தார். விங் கமாண்டர் போர்கோஹாய்ன், அசாம்காரர். முற்றத்தில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு தெருவுக்குப் போய் வீடு சரிதானா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இங்க ஒரு மிக்-29 இருந்துச்சே?"

"இல்ல சார். இது ஜம்போ. சாதாரண ஜனங்க போற விமானம்" என்றார் அப்பா. கைகூப்பியபடியே இருந்தார். "நீங்க தேடுறது பக்கத்து ஊரா இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இதுதான் சார் அது. நீங்க இடிக்க வர்றீங்கன்னு பயந்து மாத்திட்டோம்" என்றேன். அம்மா என் ஜடையைப் பிடித்து இழுத்தார்.

அவர் எங்கள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "தரையிறங்குறப்ப தெனமும் மேலேர்ந்து பாப்போம்மா. வாலுங்க அவ்வளவு சரியா இருந்துச்சு. புதுசா வந்த பையன் ஒருத்தன், 'சார், நம்ம விமானம் ஒண்ணு அந்த வீட்டு மேல நிக்குது, கொட்டகையில எண்ணிப் பாக்கட்டுமா'ன்னு கேட்டான். அடுத்த மாசம் எங்க படைப்பிரிவு ஆண்டு விழா. பைலட்டுங்க எல்லாரும் இதுக்குப் பக்கத்துல நின்னு ஒரு படம் எடுத்துக்கலாமா, வீட்டுக்காரரும் எங்களோட நிப்பாரான்னு கேக்கத்தான் வந்தேன்."

வீட்டுக்காரர் என்பது நீங்கள்தான். விழா நாள் நீங்கள் வந்த மறுநாள் வருகிறது. அதற்குள் பழையபடி ஆக்கிவிடுகிறோம் என்று அப்பா குருவின் மேல் சத்தியம் செய்துவிட்டார். ஆனால் சூச்சா சிங் மாமா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறார். ஜீப் போவதற்குள் பல்காராவைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வரியை எழுதும்போது அவர் மாடியில் ஜம்போவின் முதல் எஞ்சினை உடைக்கும் சத்தம் கேட்கிறது, அவருக்கும் ஒரு போர் விமானம், சுகோய், வேண்டுமாம். அப்பா இங்கிருந்து கூப்பிடுகிறார், பல்காரா காதில் வாங்கவில்லை. ஆகவே பெரியப்பா, நீங்கள் வரும்போது வீட்டின் மேல் என்ன நிற்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீடு நிற்கும்.