சின்னப்பனின் சுத்தபோசனம்

காப்ஸ்யூலை நாக்கில் வைத்துத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிய நேரத்தில்தான், மருந்துக்கடை சிவக்குமார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னான்.

"பயப்படாம முழுங்குங்கண்ணா. இது மருந்துகூட இல்ல, நல்ல கிருமி. உள்ள கோடிக்கணக்குல உசுரோட இருக்குது."

சின்னப்பன் காப்ஸ்யூலை உள்ளங்கையில் துப்பினார்.

"உசுரோடவா?"

"உசுரோட இருந்தாத்தான் வேலை செய்யும். பல்வலிக்கு மாத்திரை தின்னீங்கள்ல, அது கெட்டதோட சேத்து வயித்துல இருந்த நல்லதையும் கொன்னுபோட்டுது. அதனாலதான் உங்களுக்கு இப்படிப் போகுது."

'போகுது' என்பதை அவன் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இண்டூர் பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னப்பனுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

"நானா கொன்னேன்?" என்றார்.

அவர் கவலை வயிற்றைப் பற்றியதல்ல. மகள் கேத்தரினுக்கு முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இப்போது நிறைமாதம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஊர்க் கிறிஸ்தவர்கள் கறியை மட்டும் விட்டுச் சுத்தபோசனம் தொடங்க, இவர் மாதா முன்னால் மண்டியிட்டு ஒரு படி மேலே போய்விட்டார். 'அந்த ஒரு உசுரு நல்லபடியா வந்து சேர்ற வரைக்கும், என் வாய்க்குள்ள வேறெந்த உசுரும் போகாது தாயே.' மனசுக்குள் வேண்டிக்கொண்டதாக அவர் நினைப்பு. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

துப்பிய காப்ஸ்யூலைச் சாக்கடையில் எறியவும் மனம் வரவில்லை. கோடி உயிராயிற்றே. வீட்டுக்குக் கொண்டுபோய், முருங்கை நிழலில் ஈரமண்ணாகப் பார்த்து இறக்கிவிட்டார்.

மனைவி இன்னாசியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "தை மாசம் வரைக்கும் ஆட்டுத்தலைய உறிஞ்சித் தின்ன மனுசன். இப்ப பூச்சிக்கு வூடு பாத்துக் குடி வெக்கறாரு. சரி, மாத்திரை வேணாம். தயிராச்சும் ஊத்திச் சாப்புடுங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று சிவக்குமாருக்குப் போன் போட்டார்.

"தயிர்லயும் அதே கூட்டந்தாண்ணா."

தயிர் போயிற்று. மறுநாள் முந்தின நாள் கூழைப் பற்றிக் கேட்டார். "புளிச்சதெல்லாம் அதுங்க வேலதான்" என்றான். கூழும் போயிற்று.

"இட்லி?"

"புளிச்ச மாவுதான். ஆனா ஆவியில வெந்து எல்லாம் செத்துருக்கும். தைரியமாத் தின்னுங்க."

"செத்த பொணத்தையா தின்னச் சொல்ற?" என்று போனை வைத்தார்.

மிஞ்சியது சுடச்சுட ராகிக் களியும் உப்பும் கடுங்காப்பியும்தான். வயிறு நிற்கவில்லை. வேட்டிதான் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

"ஏங்க, ராகிக்கு மட்டும் உசுரு இல்லீங்களா? வெதச்சா மொளைக்குதே" என்றாள் இன்னாசியம்மாள்.

அதற்கு அவரிடம் பதில் ஏதோ இருந்தது. சொல்வதற்குள் கொல்லைக்கு ஓடவேண்டி வந்துவிட்டது.

அவளே போய்ப் பங்குச்சாமியாரை அழைத்து வந்தாள். "கிருமி மாம்சம் இல்ல சின்னப்பா. தாராளமாச் சாப்பிடு" என்றார் அவர்.

"மாம்சம்னு வேண்டியிருந்தா உட்டுறலாம் சாமி. உசுருன்னுல்ல வேண்டிட்டேன்."

"மாதாவுக்குப் புரியும்ப்பா."

"எனக்குப் புரிய மாட்டேங்குதே சாமி."

சாமியார் கடுங்காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் இன்னாசியம்மாள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வயிற்றுப்போக்குக்கு வேளாவேளைக்கு உப்புக் கரைசல் மட்டும் கலக்கிக் கொடுத்தாள்.

சில நாளில் சின்னப்பனுக்கு வயிறு நின்றது. முகத்தில் களை வந்தது. தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, "மாதா நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் கண்ணில், குப்பைக்குழியில் கோழி கொத்திக்கொண்டிருந்தது பட்டது. காலி காப்ஸ்யூல் கூடுகள்.

"இன்னாசி, இது என்னா?"

அவள் மழுப்பவில்லை. "உப்புக் கரைசல்ல கலந்து குடுத்தனுங்க. பேரப்புள்ளயத் தூக்கிக் கொஞ்ச நீங்க இருக்க வேணாமா? அந்தப் பாவம் என்னோட இருக்கட்டும்."

திட்டுவார் என்று பக்கத்து வீடுகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன. அவர் அப்படியே கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கேத்தரினுக்கு எதாச்சும் ஆச்சுன்னா?"

அதுவரை இன்னாசியம்மாளுக்குப் பயம் இல்லை. இப்போது வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மருமகனிடமிருந்து போன். கேத்தரினுக்கு வலி கண்டு தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் அவர் ஜெபமாலையை உருட்டினார். அவள் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டுவிட்டு, மூன்றாவது முறை கேட்காமல் தானே கிழித்துக் கொடுத்தார்.

இவர்கள் போய்ச் சேருவதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. வெகுநேரம் கழித்து நர்ஸ் சுமித்ரா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து நீட்டினாள். சின்னப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

"கொழந்த நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க. வாங்கிக்குங்க."

"இன்னொரு வாட்டி நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

"அட, என்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வேண்டுதல், காப்ஸ்யூல், தயிர், உப்புக் கரைசல், கோழி. "என் வாய்க்குள்ள கோடி உசுரு போயிருச்சுங்கம்மா. இது ஒத்தை உசுரு. நான் தொட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருமோன்னு இருக்குது."

இன்னாசியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சுமித்ரா இருவரையும் பார்த்தாள். குழந்தையின் உதட்டோரத்தைத் துணி நுனியால் துடைத்தாள். பிறகு அவர் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்து, குழந்தையை அதில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மாகிட்ட வயிறு முட்டப் பால் குடிச்சிட்டுத்தான் வருது தாத்தா. அந்தப் பாலோட உங்க நல்ல கிருமி உசுரோட எக்கச்சக்கமா உள்ள போயாச்சு. உங்க பேத்தி பொறந்தவொடனே அசைவங்க."