லேயர் அண்ணன் கட்டிய ஆகாயம்

கடவுள் வானத்தைப் படைத்த அன்றைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மேகத்துக்கு ஓரம் சரியா ஒட்டலையே வாத்தியாரே!" என்று குறை சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் லேயர் அண்ணன். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. அவர் மனைவியே ஆபீசுக்குப் போன் செய்து, "லேயர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். தொண்ணூறுகளின் பின்பாதி, மேற்குத் தாம்பரம். கீழே பாத்திரக் கடை, மேலே எங்கள் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் சென்டர். முதலாளி செல்வின் அண்ணன், வானம் கட்ட லேயர் அண்ணன், டைட்டில் போட நான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு டேபிள் ஃபேன். அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் நிற்கும். கேட்டால், "மன்சன் வேர்த்தா தொட்ச்சிக்குவான். அதுக்கு இன்னா கையா கீது?" என்பார் லேயர் அண்ணன்.

வானம் கட்டுவது என்றால் மற்ற இடங்களில் நீலத்தைப் பூசி, மேலே பஞ்சு ஒட்டினாற்போல நாலு மேகத்தைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இவருக்கு அது ஆகாது. எல்லாவற்றுக்கும் பின்னால் நீலம். அதுவும் உச்சியில் கெட்டியாகவும் அடிவானத்தில் நீர்மோர் மாதிரி வெளுத்தும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சூரியனோ நிலாவோ. அதற்கும் முன்னால் மெல்லிசு மேகம், பிறகு கனத்த மேகம், பிறகு பறவை, பட்டம், மொட்டை மாடி ஆன்டெனா. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போன்ற வேலை. அந்தத் தாளுக்குத்தான் லேயர் என்று பெயர். இந்த வரிசை ஓர் இடத்தில் மாறிவிட்டாலும் அண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

டீக்கடைக்குப் போனாலும் அண்ணாந்துதான் நிற்பார். ஒருநாள் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, அந்த செவப்பு மேகத்த பாரு. ஓவரா கலர் அட்ச்சி வச்சிகீறாங்க. நான் இப்டி பண்ணா செல்வின் ஒத்துக்குவானா?" என்றார்.

"அது நிஜ வானம்ணா!"

"நிஜம்னா மட்டும்? ராங்கு ராங்கு தானே?"

எங்களுக்குச் சோறு போட்டது கல்யாண வீடியோக்கள்தான். நிலாவுக்குள் பெண் முகம், பக்கத்தில் மாப்பிள்ளை முகம், சுற்றி நட்சத்திரம். இதுதான் அன்றைய ஃபேஷன். ஒருமுறை பெருங்களத்தூரிலிருந்து பெண்ணின் தாய்மாமன் கேசட்டும் கையுமாகப் படியேறி வந்தார். மூச்சிரைப்பு பாதி, கோபம் பாதி.

"ஏம்ப்பா, எங்க பொண்ணு மூஞ்சி மேல ஒரே புகையா போகுதே, இதுதான் உங்க கிராபிக்ஸா?"

லேயர் அண்ணன் நிதானமாக நிமிர்ந்தார். "பொகை இல்ல சார், மேகம். பொண்ணு நெலா எடத்துல கீது. நெலா ரெண்டு லட்சம் மைலுக்கு அந்தாண்ட. மேகம் தோ, இங்க. கிட்ட கீறது தானே சார் மறைக்கும்?"

"அப்ப மாப்பிள்ளை மூஞ்சி மேல மட்டும் ஏன் போகல?"

"மாப்ள போட்டோவ பெர்சா குட்த்தீங்க. பெர்சா தெரியணும்னா அவரு கிட்ட தானே கீணும்? அதான் மேகத்துக்கு இந்தாண்ட வச்சேன்."

தாய்மாமன் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு அலறினார். "அடப்பாவி! தாலி கட்டின அன்னைக்கே ரெண்டு பேரையும் ரெண்டு லட்சம் மைல் பிரிச்சுட்டியேய்யா!"

செல்வின் அண்ணன் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். அப்போதும் நம்ம ஆள் விடவில்லை. "இன்னாத்துக்கு சார் பேஜாராவறீங்க? மறஞ்சா இல்லன்னா அர்த்தம்? பின்னால கீது சார்!" என்று சமாதானம் சொன்னார். அந்த மேகத்தை நான்தான் பிறகு எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் அவருக்கும் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

இப்படி வந்த வாடிக்கையாளர்களை எல்லாம் வானத்தைக் காட்டி விரட்டிக்கொண்டிருந்தால் சென்டர் எப்படி உருப்படும்? செல்வின் அண்ணனுடைய மாமனாருக்குப் பல்லாவரத்தில் தோல் கிடங்கு. "பொம்மை காட்டினது போதும் மாப்ளே. இந்தத் தடவையும் நல்ல ஆர்டர் வரலேன்னா கடையைப் பூட்டிட்டு கிடங்குல வந்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தோல் வாசனை என்றாலே செல்வின் அண்ணனுக்குக் குமட்டும். பாவம், அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அந்த நேரத்தில்தான் தெய்வம் அனுப்பிய மாதிரி ஒரு புரொமோட்டர் வந்தார். சஃபாரி சூட், சென்ட் வாசனை, கையில் ஒரு சுருட்டிய பிளான். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகிற வழியில் ஃப்ளாட் கட்டப்போகிறார். இன்னும் கல் கூட வைக்கவில்லை. கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாகச் செய்து, கல்யாண மண்டபத்தில் ஜனங்களைக் கூட்டிக் காட்ட வேண்டுமாம். படம் நன்றாக அமைந்தால் அடுத்தடுத்த ஃப்ளாட்டுக்கும் எங்களுக்கே ஆர்டர். சொதப்பினால் செல்வின் அண்ணன் தோல் கிடங்குக்கு.

"வானத்துல சூரியன் வேணும், பக்கத்துலயே வானவில் வேணும்" என்றார் புரொமோட்டர்.

"வானவில் வேணும்னா சூரியன் உங்க முதுகுக்கு அந்தாண்ட கீணும் சார். ரெண்டும் ஒரே பக்கம் வராது."

"எனக்கு ரெண்டும் முன்னாடிதான் வேணும்!"

செல்வின் அண்ணன் மேஜைக்கு அடியில் லேயர் அண்ணனின் தொடையைக் கிள்ளியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கடைசியில் வானவில்லைக் கைவிட்டு, புரொமோட்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என் நோட்டீஸ்ல 'பறவைகளின் ஒலி மட்டுமே'ன்னு போட்டிருக்கேன். அமைதியான ஏரியா. அது மாதிரி இருக்கணும்."

அதில் ஒரு சின்னச் சிக்கல். அந்த மனைக்கு நேர் மேலேதான் மீனம்பாக்கத்து விமானங்கள் போகும், வரும். லேயர் அண்ணன் வேலை ஆரம்பிக்கும் முன்னால் அங்கே போய், குடையும் தயிர் சாதமுமாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. செல்வின் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"லேயரு, உன் கால்ல வேணாலும் விழறேன். மேகம், காக்கா, கொக்கு, எது வேணாலும் போட்டுக்கோ. பிளேன் மட்டும் வேண்டாம்!"

"செரி செரி. சவுண்டு வராது. போதுமா?" என்றார் இவர். அந்தப் பதிலை நாங்கள் இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக மென்று மென்று துப்பிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் செய்தது போச்சு. கரண்ட் போகாமல் இருக்க செல்வின் அண்ணன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். நான் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். லேயர் அண்ணன் கரண்ட் ஆபீஸ் லைன்மேனுக்கு முட்டை போண்டா வாங்கிக் கொடுத்தார். கரண்ட் போகவில்லை. போண்டாதான் காரணம் என்று கடைசிவரை சாதித்தார்.

விழா நாள் காலையில்தான் கேசட் தயாரானது. முழுதாகப் போட்டுப் பார்க்க நேரமில்லாமல் மண்டபத்துக்கு ஓடினோம். பெரிய டி.வி.யில் படம் ஓடியது. ஐயோ, அந்த வானத்தை என்ன சொல்ல! வெளுத்த அடிவானம், மெதுவாக நகரும் மெல்லிசு மேகம், அதற்கு முன்னால் உருண்டு வரும் வெள்ளை மேகம், கீழே வரிசையாகக் கொக்குகள். ஜனங்கள் ஃப்ளாட்டைப் பார்க்கவே இல்லை, வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வின் அண்ணன் என் காதில், "தப்பிச்சோம்மா" என்றார்.

அப்போது மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகள் மேல் ஒரு பெரிய நிழல் ஊர்ந்தது. வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு இறக்கை. பிறகு முழு விமானமும், சத்தமே இல்லாமல், புரொமோட்டரின் கட்டடத்துக்கு மேலே சாவகாசமாகக் கடந்து போனது.

புரொமோட்டரின் முகம் சுண்டிவிட்டது. செல்வின் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அப்போதே தோல் வாசனை அடித்திருக்கும். லேயர் அண்ணன் மட்டும், "நெழலு கரெக்டா உளுந்துச்சி பாத்தியா தங்கச்சி?" என்று பூரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அந்த டி.வி.க்குள்ளேயே தள்ளிவிட்டிருப்பேன்.

முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "ஏம்ப்பா, நெஜமாவே பிளேன் இவ்ளோ கிட்ட போகுமா?"

புரொமோட்டர் வாயைத் திறப்பதற்குள் லேயர் அண்ணன் முந்திக்கொண்டார். "போவும்மா. நானே குந்திகினு பாத்துட்டு வந்துதான் போட்டேன்."

"வெளிநாட்டிலேர்ந்து வர்றதுமா?"

"காத்து தோதா அட்ச்சா எல்லாமே இந்தப் பக்கந்தாம்மா எறங்கும்."

அந்த அம்மா இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார். "என் பையன் சவுதியில இருக்கான். வர்றேன்னு சொன்ன நாள்ல மாடியில நின்னா, அவன் வர்ற பிளேன் தெரியுமாப்பா?"

"மேகம் இல்லன்னா ஜன்னலே தெரியும்மா."

"அப்ப எனக்கு மேல் மாடியே குடுத்துடுங்க" என்றார் அவர்.

பின்னாலேயே இன்னும் பல கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு வீட்டிலும் துபாயிலோ அமெரிக்காவிலோ ஒரு பிள்ளை இருந்த காலம் அது. மேல் மாடிக்குப் போட்டி. புரொமோட்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குத்தானே சார் பிளேனே போடச் சொன்னேன்!" என்றாரே பார்க்கலாம். செல்வின் அண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுத்த வாரமே மாமனார் படியேறி வந்து, தன் தோல் கிடங்குக்கும் ஒரு படம் செய்து தரச் சொன்னார். "அதுக்கு மேல மானம் உண்டா சார்?" என்று கேட்டுத்தான் லேயர் அண்ணன் ஒப்புக்கொண்டார். அவர் வாயில் வானம் எப்போதும் மானம்தான்.

அதன் பிறகு வந்த வேலைகளில்தான் நான் தொழிலைக் கற்றேன். அதை வைத்தே சிங்கப்பூரில் எனக்கு வேலை கிடைத்தது. "ஏர்போர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன், அங்கேந்து மானம் சரியா தெரியாது" என்றுவிட்டார் அண்ணன். "வலது பக்க ஜன்னல் கேட்டு வாங்கு. ஆடிக் காத்து, பிளேன் மேக்காலதான் ஏறும். நான் குன்றத்தூர் மலை மேல நின்னு கை காட்றேன்." சென்டர் மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிற மனிதர். நான் சிரித்துவிட்டேன்.

நான் கிளம்பிய அன்றைக்குக் காலையிலேயே வீட்டு ஆரஞ்சு நிறப் பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாராம். எது என் விமானம் என்று தெரியாமல் போன விமானத்துக்கெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி பிறகு போனில் சொன்னார்.

விமானம் மேலே எழும்பியதும் வலது ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டேன். தூரத்தில் மலை தெரிந்தது, கோயில் தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஏதோ துளியூண்டு அசைந்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் ஒரு வெள்ளை மேகம் நடுவில் வந்துவிட்டது. கிட்டத்தில் இருப்பதுதானே மறைக்கும்? வரிசை சரிதான், அண்ணனே குறை சொல்ல முடியாது. "பின்னால கீறாரு, பின்னால கீறாரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் முறைக்க முறைக்க, அந்த மேகத்தைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.