மருதாயி இல்லாத கப்பல்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய எங்கள் கம்பெனிப் பஸ் ஒன்றுகூட முப்பது வருடமாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம் என்று நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவர் எங்கள் டைம் கீப்பர். டிரைவர்கள் வைத்த பெயர் ‘தொடரும்’. பேச்சை முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார். மிச்சத்தைக் கேட்க டிரைவர் இறங்கி அவர் பின்னாலேயே போவார். பஸ் நிற்கும். பயணிகள் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து என்னைத் திட்டுவார்கள்.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் மூன்று வருடம் தொடராக வந்த கப்பல் கதை. வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் தைல விளம்பரத்தோடு. நீங்கள் அதைப் பரணில் போட்டிருப்பீர்கள். அவர் அதை டிரிப் ஷீட்டுக்கு மேலே வைத்திருந்தார். தொட்டால் கையை முறித்துவிடுவார்.

அந்தக் கதையின் நாயகன் கப்பல் தலைவன் நெடுவேல். ஆனால் எங்கள் டைம் கீப்பர் அண்ணனுக்கு அவன் ஒரு பொருட்டே இல்லை. முப்பத்தோராம் அத்தியாயத்தில் மட்டும் வருகிற ஓடக்காரி மருதாயிதான் அவருக்கு எல்லாம். புயலில் கரை ஒதுங்கிய நெடுவேலை அவள் ஆற்றைக் கடத்தி விடுவாள். “திரும்பி வாரப்ப ஒரு சத்தம் குடுங்க, நான் இங்குட்டுத்தான் இருப்பேன்” என்பாள். பாவி அந்த வழியாகத் திரும்பவே மாட்டான். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் விசிலை ஊத மறந்துவிடுவார்.

பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் “நீச்சல் தெரியுமா?” என்று கேட்டாராம். குடத்தில் பிடிக்கவே தண்ணீர் இல்லாத சீமையில் நீச்சலுக்கு எங்கே போவது? கல்யாணம் ஆகவில்லை.

போன வருடம் கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டையும் அதன் பின்னால் இருந்த பொட்டலையும் வாங்கி, அந்தக் கதையை வைத்தே ஒரு பூங்கா திறந்தார்கள். கடலே இல்லாத இடத்தில் ஃபைபர் கப்பல். அதைச் சுற்றி முழங்கால் அளவுக்குக் குளோரின் தண்ணீர். டிக்கெட்டோடு பிரியாணிக் கூப்பன்.

அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘பார்க்க வேண்டியவரைப் பார்க்க’ என்று இருந்தது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். சலவை வேட்டி, கையில் ஒரு முழம் மல்லிகை.

“பூ யாருக்குண்ணே?”

“மொதத் தடவை பாக்கப் போறம். வெறுங்கையோட போனா நல்லா இருக்காதுடா.”

உள்ளே நெடுவேல் வேஷத்தில் ஒரு கல்லூரிப் பையன் ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். தழும்பு இடது கன்னத்தில் இருக்கவேண்டும், வலது கன்னத்தில் வரைந்திருக்கிறார்கள் என்று அவனிடம் ஒரு சண்டை. பிறகு அறை அறையாகத் தேடினார். பொம்மைகள் எல்லாவற்றையும் இரண்டு சுற்று பார்த்தார். பிரியாணி ஆறிப்போனது. கடைசியில் மேனேஜரிடம் போய் நின்றார்.

“மருதாயி எங்குட்டு இருக்காக?”

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். “ஸ்டாஃபா சார்? எந்த ஷிஃப்ட்?”

“ஓடக்காரிங்க! முப்பத்தோராம் அத்தியாயம்!”

மேனேஜர் நல்ல மனிதர். அங்கேயே விற்பனைக்கு இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “அப்படி யாரும் இல்லையே சார். ஆத்துல தண்ணி வடிஞ்சதும் நெடுவேல் நடந்தே போயிடுறாரு.”

“நடந்தா? புத்தகம் போடுறப்ப வெட்டிப்புட்டீக! ஒரு பொம்பளப் பிள்ளைய அப்படியே வெட்டித் தூக்கிப்புட்டீகளே, நீங்க நல்லா இருப்பீகளா?”

சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்தார்கள். ஈட்டியோடு நின்ற காவல்வீரன் அண்ணனைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். திரும்பும்போது மல்லிகை டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த சாமி படத்துக்குப் போனது.

இத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. மருதாயியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிப் பத்திரிகைக்கும் பூங்காவுக்கும் ஒரு மாதம் அவர் எழுதிய மனுக்களுக்கு நான் கவர் ஒட்டி அலுத்துப்போயிருந்தேன். மதுரையில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, முப்பத்தோராம் அத்தியாயம் வந்த அந்த வாரத்து இதழையே பிடித்துவிட்டேன். டீக்கடையில் டிரைவர், கண்டக்டர் எல்லோரும் இருக்கும்போது நீட்டினேன்.

“அண்ணே, ஒங்க மருதாயிய இதுல காட்டுங்க பாப்பம்.”

நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பிறகு கக்கத்தில் வைத்திருந்த தன் பைண்டு புத்தகத்தை முதல்முறையாக எங்கள் முன்னால் திறந்தார். முப்பத்தோராம் அத்தியாயம் இருக்கவேண்டிய இடத்தில் அச்சு இல்லை, விளம்பரம் இல்லை. கோடு போட்ட தாளில், நீல மையில், ஒரு பள்ளிக்கூடப் பையனின் குண்டு குண்டான கையெழுத்து. பதினாலு பக்கம்.

“அந்த வாரம் எங்க கண்டரமாணிக்கத்துக்குப் பத்திரிகை வரலடா,” என்றார் மெதுவாக. “யாருக்கிட்டயோ வாங்கிப் பாத்து எழுதுனேன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

ஒருத்தன் மட்டும் சிரித்தான். அது நான்தான்.

மறுநாளிலிருந்து எங்கள் பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பின. “அஞ்சு நாப்பதுன்னா அஞ்சு நாப்பதுக்கே வெரட்டுறாகப்பா, டீ குடிக்க நேரமில்ல” என்று டிரைவர்கள் என்னிடம் வந்து புலம்பினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மேஜையில் டிரிப் ஷீட் மட்டும் இருந்தது. அண்ணன் விசில் ஊதினார், கையெழுத்துப் போட்டார், வீட்டுக்குப் போனார். கேட்டதற்குப் பதில் சொன்னார், முழுசாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சித்திரையில் ஓய்வு பெற்று, திருக்கோஷ்டியூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று என் மேஜையில் ஒரு கவரை வைத்தார். பைண்டிலிருந்து பிளேடால் அறுத்தெடுத்த அந்தப் பதினாலு பக்கங்கள்.

“ஒனக்குத்தான் ஆதாரம் வேணுமே. வச்சுக்க.”

அதன் பிறகு நான் போன் செய்தால் அவர் எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம். அந்தப் பக்கங்களை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் வடியும்வரை காத்திருந்து நடந்து போகிற அச்சடித்த நெடுவேலை எனக்குப் பிடிக்கவில்லை. மருதாயிதான் அவனை ஆற்றைக் கடத்தி விட்டாள்.

போன மாதம் நான் மட்டும் தனியாகப் பூங்காவுக்குப் போனேன். கையில் மல்லிகை ஒரு முழம். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் மருதாயி எங்கே என்று கேட்டேன்.

“அப்படி யாரும் கதையில இல்லையேங்கய்யா?”

“இருக்காகம்மா. முப்பத்தோராம் அத்தியாயம். நான் படிச்சிருக்கேன்” என்றேன்.