சட்டம்பியார் சிரித்தவராம்

"நான் ஏன் போகவேணும்? அங்கை வலை கிழிஞ்சு—"

"வலையைப் பொத்தலாம், பிள்ளையின்ரை பேரை வெட்டினால்—"

"அவள் என்ன செய்தவள் எண்டு முதல் சொல்லச் சொல்லன்!"

"அதைத்தான் நீங்கள் போய்க் கேளுங்கோ எண்டு—"

பேசாலைக் கரையில் ஒரு செருமலோடு வலைக்காரர் எல்லாரையும் அடக்கிவிடுகிற சம்மாட்டியார் யாகப்பர், மனைவி அருளம்மாவுக்கு முன்னால் ஒரு வசனத்தையும் முழுதாய் முடித்ததில்லை. இன்றைக்கு அவருக்கு அவளிலும் பெரிய பயமொன்று வந்திருந்தது. "திங்கட்கிழமை அப்பரைக் கூட்டிக்கொண்டு வா" என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் செபமாலைச் சட்டம்பியார் மகள் பிரான்சிஸ்காவிடம் சொல்லி விட்டிருந்தார். போன முறை கூப்பிடப்பட்ட தகப்பன் வலைக்காரத் தம்பு. அவனுடைய மகள் பேர் வெட்டுப்பட்டு இப்போது கடற்கரை வாடியில் கருவாட்டுக்கு மீன் வெட்டுகிறாள்.

"இஞ்சை வா பிள்ளை. சொல்லேக்குள்ளை சட்டம்பியாரின்ரை முகம் எப்பிடி இருந்தது?"

"சிரிச்சவர் அப்பா."

"சிரிச்சவரோ!"

யாகப்பருக்கு முதுகு கூசியது. அவர் அறிய, சட்டம்பியார் சிரித்தால் கை புளியங்கம்பைத் தேடுகிறது என்று அர்த்தம். அவரும் அங்கே படித்தவர்தான். எட்டு வயதோடு சரி. அதற்குப் பிறகு கோயிலுக்குக்கூடப் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியால் போகமாட்டார். கடற்கரையால் சுற்றித்தான் போவார். ஏனென்று கேட்டால், "மணல்லை நடந்தால் காலுக்கு நல்லது" என்பார்.

"உண்மையைச் சொல்லு. ஆருக்கும் அடிச்சனியோ?"

"இல்லை."

"கரும்பலகை வெண்கட்டி களவெடுத்தனியோ?"

"ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா."

"ஒண்டும் செய்யாதவள் இப்பிடி முழிக்கமாட்டாள்."

"முழிக்கிறது நீங்கள்," என்றாள் அருளம்மா.

அன்று காலை வலையில் ஒரு ஆவுளியா பட்டிருந்தது. மனிசன்ரை வாயை முதல் அடைப்பம் என்று, நல்ல கொழுத்த துண்டொன்றை ஓலைப்பெட்டியில் வைத்துச் சட்டம்பியாருக்கு மகளிடம் கொடுத்துவிட்டார் யாகப்பர். பெட்டி போன சூட்டோடு திரும்பி வந்தது.

"வெள்ளிக்கிழமை, சுத்தபோசன நாளிலை இறைச்சி அனுப்பி என்னை நரகத்துக்கு அனுப்பப் பாக்கிறாரோ எண்டு கேட்டவர்."

"இறைச்சியோ? கடலிலை பிடிச்சதெல்லாம் மீன்தானே!"

"ஆவுளியா குட்டிக்குப் பால் குடுக்கும் அப்பா. மீன் பால் குடுக்குமோ? சட்டம்பியார் படிப்பிச்சவர்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே!"

"நீங்கள் என்னை எங்கை வாய் திறக்க விட்டனீங்கள்?"

"நல்லது," என்றாள் அருளம்மா. "பிள்ளையின்ரை குற்றத்தோடை இனி லஞ்சமும் சேர்ந்திட்டுது, வெள்ளிக்கிழமைப் பாவமும் சேர்ந்திட்டுது. மரியாதையாய் உடுத்துப் போய்க் காலிலை விழுங்கோ."

மரியாதையான உடுப்புக்காக யாகப்பர் கடைக்கார மீராசாஹிபுவிடம் கறுப்புக் கோட் இரவல் கேட்டார்.

"வழக்கோ சம்மாட்டியார்?"

"வழக்கில்லை, காக்கா."

"வழக்கில்லாமல் ஆர் கோட் போடுவான்? யோசியாதேங்கோ. என்ரை வாயாலை ஒரு சொல்லு வெளியிலை போகாது."

திங்கட்கிழமை காலை, பொத்தான் பூட்ட முடியாத கோட்டோடு யாகப்பர் படலையைத் திறந்தார். வெளியே வலைக்காரர் அத்தனை பேரும் தோய்த்த சட்டையோடு நின்றார்கள். முன்னுக்குத் தம்பு.

"சாட்சி சொல்ல வந்தனாங்கள்."

"என்னத்துக்கடா சாட்சி?"

"அதை வழியிலை நீங்கள் சொல்லித் தருவியள்தானே."

விரட்டிப் பார்த்தார். விரட்ட விரட்ட, விசயம் பெரிதுதான் என்று இன்னும் கிட்ட வந்தார்கள்.

ஜோர்ஜ் மகாராசாவின் படத்துக்குக் கீழே, கதிரையில் சட்டம்பியார் இருந்தார். தலை பஞ்சாய் நரைத்திருந்தது. புளியங்கம்பு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. சன்னல்கள் எல்லாம் வலைக்காரரின் தலைகள்.

"ஐயா," என்றார் யாகப்பர், "பிள்ளை என்ன பிழை விட்டிருந்தாலும் அதை என்னிலை போடுங்கோ. பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ. அவள் கருவாடு வெட்டப் பிறந்தவளில்லை."

"அவளோ பிழை விட்டவள்? இந்தப் பள்ளிக்கூடத்திலை அவளுக்கு மிஞ்சின பிள்ளை இல்லை. வாற வருசம் மன்னார்க் கன்னியர் மடத்திலை படிப்பாள். சுவாமியாரோடையும் கதைச்சு முடிச்சிட்டன்."

யாகப்பர் நிமிர்ந்தார். சன்னலெல்லாம் ஒருமுறை பெருமையாய்ப் பார்த்தார்.

"அதைச் சொல்லத்தானோ ஐயா கூப்பிட்டனீங்கள்?"

"அதுக்கு உன்னை ஏன் கூப்பிடவேணும்? அருளம்மாவுக்குச் சொல்லிவிட்டால் போதும். நான் இந்த மாதத்தோடை பென்சன். போக முதல் முடிக்கிற வேலை ஒண்டு மிச்சம் கிடக்குது."

சட்டம்பியார் சிரித்தார். கை புளியங்கம்பைத் தேடியது.

"தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு கேட்டுப் போனனியெல்லே, யாகப்பு? குடிச்சு முடிஞ்சுதெண்டால், போய் உன்ரை வாங்குப் பலகையிலை ஏறி நில்லு."