என் ஏ.ஜி.சி.யும் அக்காவின் நிக்காஹும்

யாரும் கேட்காமலே உதவி செய்வது எனக்கு ஒரு வியாதி. அது முற்றிய நேரத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில், ஓசூர் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கிவந்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்றின் முதுகைத் திறந்து வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா நஸ்ரின் டீ கொண்டுவந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ்.

"டேய் இர்ஃபான், கீழ ஆம்பளைங்க ஹால்ல நடக்கிறது மேல உக்காந்திருக்கிற எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுடா. மைக்குல சத்தம் மட்டும் வரும். அவரு சம்மதம் சொல்றப்ப மூஞ்சி எப்பிடி இருக்குன்னு நான் பாக்கணும். கல்யாணத்துல எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்."

அந்த நொடியில் யோசனை தோன்றிவிட்டது. மண்டபத்தில் வீடியோக்காரரின் கேமராவிலிருந்து பெண்கள் உட்காரும் மாடிக்கு ஒரு வயர். மாடியில் என் டிவி. (வீட்டுக் கூடத்தில் நல்ல புது டிவி ஒன்று மாட்டியிருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கௌரவம் இடம் கொடுத்திருக்காது.)

ஒரே சிக்கல், அந்த டிவியில் ஏ.ஜி.சி. சர்க்யூட் எரிந்துபோயிருந்தது. வருகிற சிக்னல் மெலிந்திருந்தால் பெருக்கத்தைக் கூட்டும், பருத்திருந்தால் குறைக்கும், படம் ஒரே சீராகத் தெரியும். அதுதான் ஏ.ஜி.சி.யின் வேலை. எரிந்துபோனது கொஞ்சம் விவரமான வகை. படத்தின் ஒவ்வொரு வரிக்கும் நடுவே வரும் ஒரு சின்னத் துடிப்பை மட்டும் அளக்கும். படத்தில் யார் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை. அதற்கான பாகம் ஓசூரிலும் கிடைக்கவில்லை, பெங்களூரிலும் கிடைக்கவில்லை. எனவே ஆரம்பகால டிவிகளின் முறைக்குப் போனேன்: முழுப் படத்துக்கும் சேர்த்து ஒரு சராசரியை அளப்பது. ஒரு டையோடு, ஒரு கண்டென்சர், ஒரு ரெசிஸ்டர். அரை மணி நேர வேலை. பர்கூரில் நான்கு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன், ஓசூர் ஃபேக்டரி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவன், எனக்குத் தெரியாததா!

வீட்டில் சோதனையும் நடத்தினேன். அக்கா மெரூன் சுடிதாரில் பழுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். படம் பாறை மாதிரி நின்றது. அத்தா மட்டும், "மழைநாள் மாதிரி இருக்குதே" என்றார்.

நிக்காஹ் அன்று காலை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு ஊத்தங்கரை, மளிகை வியாபாரம். ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. மேடையில் வெள்ளை விரிப்பு. பின்னால் வெள்ளை சாட்டின் திரை. மாப்பிள்ளையின் ஷெர்வானி வெள்ளையோ வெள்ளை. டெஸ்டிங் பிரிவில் சம்பளம் வாங்கும் நான் வெள்ளையை டெஸ்ட் செய்திருக்கவில்லை.

டிவி சிக்னலில் கறுப்புக்குத்தான் பலம், வெள்ளைக்குக் குறைவு. படம் முழுக்க வெள்ளையானதும் என் சராசரி சர்க்யூட், அடடா, சிக்னல் இளைத்துவிட்டதே என்று இரக்கப்பட்டுப் பெருக்கத்தை ஏற்றியது. ஏற்றிய வேகத்தில், படத்தை உருளாமல் இழுத்துப் பிடிக்கும் அந்தச் சின்னத் துடிப்புகள் நசுங்கின. மாடியில் அறுபது பெண்களுக்கு முன்னால் படம் உருளத் தொடங்கியது.

"மாப்பிள்ளை மேல போறாருடி!" என்றார் ஜமீலா சின்னம்மா. "இந்தா, கீழருந்து திரும்ப வர்றாரு!"

"எத்தனை மாப்பிள்ளை சின்னம்மா நமக்கு?" என்று யாரோ கேட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

கீழே நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் குத்பா உரையை ஓத ஆரம்பித்துவிட்டார்; அது முடிந்ததும் சம்மதம் கேட்பார். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. (புரிந்ததுதான் வினை.) படத்துக்குக் கறுப்பு வேண்டும். சின்னம்மாவின் போனுக்கு அழைத்துக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். வாசலில் யாருடையதோ பெரிய கறுப்புக் குடை சாத்தியிருந்தது. எடுத்து மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று விரித்தேன்.

மாப்பிள்ளையின் அத்தா நிமிர்ந்து பார்த்தார். "என்னா தம்பி, உள்ள ஒழுகுதா?"

"இல்லைங்க மாமா. சிக்னலுக்கு."

அவர் கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சின்னம்மா, இப்ப எப்பிடி?" என்றேன் போனில்.

"மெதுவா உருளுதுடா. இன்னும் கொஞ்சம்."

குடையை முன்னால் சாய்த்தேன்.

"ஆடுது, ஆடுது... இன்னும் கொஞ்சம்."

இன்னும் சாய்த்தேன். மைக்கில் மாப்பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்டது. சம்மதம் சொல்லிவிட்டார். அதே நொடியில் போனில் சின்னம்மா கத்தினார்: "நின்னுருச்சுடா! அசையாம நிக்குது!"

"மாப்பிள்ளை தெரியிறாரா?"

"இல்ல. குடை தெரியுது."

பந்தியில் வீடியோக்காரர் மஞ்சுநாத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாகலூர்க்காரர். பேச்சு கன்னடத்தில் கிளம்பித் தமிழில் இறங்கும். "ஏனு சார் அது, குடை? படம் வெளுப்பா இருந்துச்சுன்னா நான் கேமராலயே வெளிச்சத்தைக் கொறச்சிருப்பேனே. ஒரே பட்டன் சார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீவு கேக்கவே இல்ல சார். ஓடினீங்க."

பிரியாணி அதற்குமேல் இறங்கவில்லை. (இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.) மாடிக்குப் போனேன். அக்காவின் கண் கலங்கியிருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "கேமரால பதிவாயிருக்கும்ல, அதுல பாத்துக்கலாம்டா" என்றாள். அதிலும் குடைதான் என்று சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது.

ஐந்தாம் நாள் அக்காவும் மச்சானும் எங்கள் வீட்டுக்கு மறுவிருந்துக்கு வந்தார்கள். அக்கா கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு, மச்சானை உட்காரவைத்து, எல்லோருக்கும் முன்னால் இன்னொரு தடவை சம்மதம் சொல்லச் சொன்னாள். மளிகைக் கடையில் நூறு பேரை ஒரே நேரத்தில் சமாளிக்கிற மனிதர் காது வரை சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்து நிதானமாக முழுசாகப் பார்த்தாள். அன்றிலிருந்து பெருநாளோ விருந்தோ, அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு முன் நாற்காலி வந்துவிடும். ஒரு தடவை சொல்லாமல் தட்டு வராது. இதுவரை பதினொரு தடவை சம்மதித்திருக்கிறார். "உலகத்துலயே அதிகமா நிக்காஹ் பண்ணின ஆளு நான்தான், பொண்ணு மட்டும் மாறவே இல்ல" என்பது அவர் புலம்பல்.

வருகிற மாதம் ஜமீலா சின்னம்மாவின் மகளுக்கு ஓசூரில் நிக்காஹ். துடிப்பை மட்டும் அளக்கும் பழைய சர்க்யூட்டை இப்போது கிடைக்கிற டிரான்சிஸ்டர்களை வைத்து நானே கட்டிவிட்டேன். இந்த முறை முதலில் வெள்ளையை வைத்துத்தான் சோதனை. விஷயம் தெரிந்ததும் அம்மா வீட்டிலுள்ள வெள்ளை விரிப்புகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பரவாயில்லை. சாயங்காலம் அத்தா தொழுதுவிட்டு வந்து வெள்ளை வேட்டியை மாற்றிக் கொடியில் போடுவார். கொடிக்கு எதிரே கேமராவை ஏற்கெனவே பொருத்தி வைத்துவிட்டேன்.