மலைக்குப் போன எர்மெத்தே

"அந்த நாப்பத்திரண்டு படியை இந்த வருஷம் நான் ஏற மாட்டேன். வேணும்னா நீ என்னைத் தூக்கிட்டுப் போ" என்றாள் ஜெம்மா.

எர்மெத்தே மனைவியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பொலோஞாவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று அவர் முதுகுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் வந்தால் போர்த்தோ செர்லினோ கடற்கரை. அங்கே இஸோலீனா அம்மாள் விடுதி, மூன்றாம் மாடி, கடலைப் பார்த்த அறை. இருபத்திரண்டு வருஷமாக இதில் மாற்றமில்லை. வீட்டை மாற்றுவார்கள், வேலையை மாற்றுவார்கள், கடற்கரை விடுதியை மட்டும் மாற்றுகிற வழக்கம் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கிடையாது. மாற்றினால் அது துரோகம்.

"அதே ஊர்ல, அந்தக் கோடியில லிஃப்ட் வச்சு புது ஓட்டல் வந்திருக்காம். அங்க போவோம்."

"இஸோலீனா மனசு ஒடஞ்சு போயிடும் ஜெம்மா."

"என் முட்டி ஏற்கெனவே ஒடஞ்சு போச்சு. எதுக்கு முதல்ல கட்டுப் போடறது?"

"சரி, வேற ஊருக்காவது போயிடலாம்."

"வேற ஊர்க் கடல்ல நான் கால் வைக்க மாட்டேன். அது யாரோட கடலோ!"

எர்மெத்தே நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் அவருக்கும் இருந்தது. யார் மனமும் நோகக் கூடாது என்று பொய் சொல்லுவார். இஸோலீனாவுக்குப் போன் போட்டார்.

"இந்த வருஷம் வர முடியாது சிஞ்ஞோரா. நெஞ்சுல சளி. டாக்டர் மலைக்காத்துதான் வேணும்னுட்டார்."

மறுமுனையில் ஒரு விசும்பல் கேட்டது.

"நிஜமாவே வரலையா?"

"இந்த வருஷம் மட்டும்தான்."

"உடம்பைப் பாத்துக்குங்க. மாதா திருநாளன்னிக்கு உங்களுக்காகப் பூசை வைக்கச் சொல்றேன். மலையிலேர்ந்து மறக்காம ஒரு கார்டு போடுங்க!"

போனை வைத்த எர்மெத்தேக்கு வியர்த்தது. "அழுதுட்டாங்க ஜெம்மா. கார்டு வேற கேக்கறாங்க."

லீவில் போனவன் படம் போட்ட கார்டு அனுப்பாவிட்டால் செத்துவிட்டான் என்றுதான் அங்கே அர்த்தம். கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு மலையிலிருந்து கார்டு போடுவது எப்படி? நல்ல வேளையாக, ஜெம்மாவின் தம்பி மலையூரில் தபால்காரனாக இருந்தான். "என் பேர்ல இஸோலீனாவுக்கு நாலு வரி எழுதிப் போடுடா மச்சான்" என்று எர்மெத்தே கேட்டுக்கொண்டார். மச்சானுக்கு வெகுநாளாகக் கதை எழுதும் ஆசை. அது எர்மெத்தேக்குத் தெரியாது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி இருவரும் புது ஓட்டலில் இறங்கினார்கள். எர்மெத்தே கறுப்புக் கண்ணாடியும் ஒரு பெரிய பனாமா தொப்பியும் போட்டிருந்தார். லிஃப்டில் ஏறியதும் ஜெம்மா கண்ணை மூடிக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். மூன்றாம் மாடி, முப்பதாம் எண் அறை. ஜன்னல் நிறையக் கடல்.

அறை சொர்க்கம். வெளியேதான் நரகம். சின்ன ஊர், எந்தத் தெருவில் திரும்பினாலும் தெரிந்த முகம். கடற்கரை மணலில் மூன்றாம் வரிசையில் இருபத்திரண்டு வருஷமாக அவர்களுக்கென்று நின்ற நிழல்குடையை விட்டுவிட்டு, ஊர்க்கோடியில் படகுகளுக்குப் பின்னால் துண்டு விரித்தார்கள். நிழல் இல்லை. இரண்டே நாளில் எர்மெத்தேயின் மூக்கு தக்காளி ஆனது.

"மலையில இப்படிச் செவக்குமா?"

"பேசாம இரு" என்றார்.

நாலாம் நாள் மீன் சந்தைப் பக்கம் போனபோது அவருக்கு உயிரே போய்விட்டது. கூட்டத்தில் ஃபெராரா ஊர் நோட்டரி! இஸோலீனா விடுதியில் வருஷா வருஷம் பக்கத்து மேஜையில் சாப்பிடுகிறவர். வாயே திறக்க மாட்டார். கடலில் காலே நனைக்க மாட்டார். ஆனால் எப்போதும் அவர்மேல் மீன் வாசம் அடிக்கும். நாலே நொடியில் மீனில் முள் எடுத்துவிடுவார். எர்மெத்தே தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு ஓடினார்.

ஓட்டலுக்குள்ளும் நிம்மதியில்லை. முப்பத்தொன்றாம் அறைக்காரர் யாரென்றே தெரியவில்லை. இவர்கள் கதவைத் திறந்தால் அந்தக் கதவு படக்கென்று சாத்திக்கொள்ளும். சாப்பாடெல்லாம் தட்டில் உள்ளே போகும்.

"புதுசா கல்யாணமானவங்க" என்றாள் ஜெம்மா.

"போலீசுக்குப் பயந்தவனா இருக்கும்" என்றார், தன் நிலைமையை வைத்து.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் வந்தது. கோயிலுக்குப் போகாமல் இருக்க ஜெம்மா சம்மதிக்கவில்லை. கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். "நம்ம ஊரின் பழைய விருந்தாளி எர்மெத்தேக்காக வேண்டிக்கொள்வோம். மலையிலிருந்து வந்திருக்கிற கார்டைப் பார்த்தால் மனம் கலங்குகிறது. ஒரு பக்கத்து நுரையீரல் போய்விட்டதாம். கழுதை மேல் வைத்துத்தான் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்களாம்."

"பாவம், நல்ல மனுஷன்" என்று முன் பெஞ்சில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள்.

தன் நுரையீரலுக்காகத் தானே ஆமென் சொன்ன எர்மெத்தேக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வெளியே வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"போதும். நேரா போய் அவங்க கால்ல விழறேன். நீ ரூமுக்குப் போ."

இஸோலீனா விடுதியின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. போர்டையே காணோம். வாசல் கதவில் பூட்டு. ஆகஸ்ட் நடுவில் மூடிய விடுதியை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நாம் வராததால்தான் மூடிவிட்டாள், ஒரு பொம்பளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்று அழுதுகொண்டே திரும்பினார்.

ஓட்டல் பின்வாசலில், ரப்பர் பூட்சும் மீன் கூடையுமாக ஓர் ஆள் மேலேயே மோதினார். நோட்டரி!

"சிஞ்ஞோர் நோட்டரி! நீங்க எங்க இந்தக் கோலத்துல? இஸோலீனா எங்க? உயிரோட இருக்காங்களா?"

அந்த ஆள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நான் நோட்டரி இல்லீங்க. மீன் விக்கிறவன். பேரு பிலாதே. அவ கூடப்பொறந்த தம்பி."

"அப்ப அந்த விடுதி?"

"அதை மூடி எட்டு வருஷமாச்சு. ஆகஸ்டுல மட்டும் உங்களுக்காகப் போர்டை மாட்டுவோம். விடுதியை மாத்தச் சொன்னா அந்தப் பஸ்காரர் மனசு ஒடஞ்சு போயிடும்னுவா. நீங்க ரெண்டு பேரும் தனியா சாப்பிட்டா சங்கடப்படுவீங்கன்னு எங்களையெல்லாம் கோட்டு மாட்டி உக்கார வச்சிருவா. வாயைத் திறந்தா சாயம் வெளுத்துரும்னு நான் பேசவே மாட்டேன்."

எர்மெத்தே சுவரைப் பிடித்துக்கொண்டார். "போன்ல அழுதாங்களே?"

"சந்தோஷத்துல! படி ஏறி ஏறி அவளுக்கும் முட்டி போச்சு. பொறந்ததுலேர்ந்து ஒரு ஆகஸ்டுகூடக் கடல்ல குளிச்சதில்ல. நீங்க வரலைன்னதும் லிஃப்ட் வச்ச ஓட்டலாப் பாத்து ரூம் எடுத்துட்டா."

"எந்த ஓட்டல்?"

பிலாதே அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க, நீங்க என்னிக்கு ஊருக்குப் போறீங்க? நீங்க வந்ததை ஜன்னல்ல பாத்ததுலேர்ந்து, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு ஒம்போது நாளா முப்பத்தொண்ணாம் ரூம்ல நீச்சல் உடுப்போட உக்காந்திருக்கா."